தொங்கும் கபிஹோலுக்குப் பிராட்லி புட்டி: எங்கே பிடிக்கும், எங்கே பிடிக்காது

பழைய காரில் தொங்கிப்போன கிளவ் பாக்ஸை, டர்பனில் எல்லாரும் கபிஹோல் என்று சொல்லும் அந்தப் பெட்டியை, பிசைந்து ஒட்டினால் கல்லாக இறுகும் பிராட்லி புட்டியைக் கொண்டு சரிசெய்ய முடியுமா என்றால், முடியும்; ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பெட்டி ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்க வேண்டும்; புட்டிக்குத் துணையாக ஓர் உலோகத் தகடும் இருக்க வேண்டும். இவை இரண்டும் அமைந்தால் இந்தப் புட்டியைப்போல நம்பிக்கையாக வேலை செய்யும் பொருள் அந்த விலையில் வேறு கிடையாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் பணமும் உழைப்பும் வீண்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் அக்காவின் கார் இருபது வயதைத் தாண்டிய சிறிய ஹாட்ச்பேக். அதில் நான் செய்த வேலையை வைத்துத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் இந்த வேலைக்குத் தேவை மிகுதி. டொயோட்டா டாஸ் 2006 வரையிலும், நிசான் 1400 பக்கி என்ற சிறிய சுமைவண்டி 2008 வரையிலும், வோல்க்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் 2009 வரையிலும் இந்த நாட்டிலேயே தயாராயின. டாஸ் நம் டர்பனின் தெற்கே பிராஸ்பெக்டன் ஆலையில் உருவான வண்டி. ஃபீனிக்ஸிலோ மெர்பேங்கிலோ டொங்காட்டிலோ எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் அந்தக் காலத்துக் கார்கள் இன்றும் வேலைக்குப் போய்த் திரும்புகின்றன. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கவனித்துக்கொள்ள ஊருக்கு ஊர் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைத்தான் ஒருவரும் கவனிப்பதில்லை. கபிஹோல் கொஞ்சம் தொங்கினால் ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டுவார்கள். அது அறுந்ததும் பெட்டி பக்கத்தில் உட்காருபவரின் முழங்காலில் வந்து விழும்.

நம் ஊரில் கபிஹோல் சுமக்கும் சுமையும் அதிகம். ரோபோட் என்று நாம் சொல்லும் போக்குவரத்து விளக்கில் நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவர்களுக்குப் பயந்து கைப்பை, போன், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் அதற்குள் திணித்து மூடுகிறோம். கடைவாசலில் வண்டியைப் பார்த்துக்கொள்பவர்களுக்குக் கொடுக்கச் சில்லறை வேண்டும், அதுவும் அங்கேதான். அக்காவின் பெட்டியை வேலைக்காகக் காலி செய்தபோது சில்லறை நிறைந்த ஒரு டப்பா, கனமான டார்ச்சு, டயர் காற்றழுத்தம் பார்க்கும் கருவி, வண்டியின் கையேடு, இரும்புப் பூட்டு ஒன்று, கோயிலுக்குப் போகும்போது கைக்கு எட்டட்டும் என்று வைத்த கற்பூரமும் விபூதியும் வெளியே வந்தன. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோவைத் தாண்டியது. பிளாஸ்டிக் ஒரே நாளில் வளைவதில்லை. ஓயாத சுமையும் வெயிலின் சூடும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அதை மெல்ல மெல்ல இழுத்துவிடுகின்றன. டர்பனில் வெளியே 30 டிகிரி இருக்கும் நாளில் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் காற்றே 50 டிகிரியை நெருங்கும்; டாஷ்போர்டின் மேற்பரப்பு அதையும் மிஞ்சும். எந்த நிறுவனத்தின் கார் ஆனாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

இனிப் பொருளைப் பற்றி. பிராட்லி புட்டி ஜோஹன்னஸ்பர்க்குக்கு மேற்கே இருக்கும் குரூகர்ஸ்டார்ப்பில் பிறந்தது. 1960களில் ஜார்ஜ் மான்டேகு பிராட்லி என்ற பொறியாளர், தாம் செய்துவந்த மின்கம்பி இணைப்புப் பெட்டிகளுக்குள் பாகங்களை ஒட்டவும் மின்சாரம் கசியாமல் காக்கவும் ஒரு பொருளைத் தேடி, இரண்டு பகுதிகளைக் கலந்தால் இறுகும் இந்த எபாக்சிப் பசைப் புட்டியை உருவாக்கினார். நிலவுக்குப் போன ஒரே தென்னாப்பிரிக்கத் தயாரிப்பு இது என்று அந்த நிறுவனம் பெருமையோடு சொல்லிவருகிறது. அந்தப் பெருமை ஒருபுறம் இருக்க, என்னைக் கவர்ந்தது அதன் தொடக்கம்தான். ஒரு பெட்டிக்குள் ஒரு பாகத்தை அசையாமல் நிறுத்துவதற்காகவே பிறந்த பொருள் இது. கபிஹோலிலும் நாம் அதே வேலையைத்தான் கேட்கிறோம். கலப்பதற்கு மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம், விரல்கள் போதும். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில் இருட்டில் உட்கார்ந்து இதைப் பிசைந்தவர்கள் நம்மில் பலர்.

புட்டியை வாங்குவதற்கு முன்னால் பெட்டி ஏன் தொங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த இடத்தில் செலவழிக்கும் பொறுமைதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, கார்த் தகடுகளின் நெளிவெடுக்கும் பானல்பீட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் மூடியைத் தூக்கித் தூக்கி மூடிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அருகே வந்து, "தம்பி, மூடியவே பாத்துக்கிட்டு இருக்காதே. மூடி எதுமேல உக்காருது, அதப் பாரு" என்றார். அந்த ஒரு வரியிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

பெரும்பாலான பழைய கார்களில் கபிஹோல் கீழே இரண்டு கீல்களிலும் மேலே ஒரு கொக்கியிலும் நிற்கிறது. மூடியை மூடிய நிலையில் வைத்து, அதன் கீழ் மூலைகளில் ஒன்றை விரலால் மேலே தூக்கிப் பாருங்கள். பிறகு அடுத்த மூலையையும் அப்படியே தூக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் எழும்பி, விட்டதும் பழைய இடத்துக்கு இறங்கினால் அந்தப் பக்கத்துக் கீல்தான் தளர்ந்திருக்கிறது. கீழ் மூலைகள் இரண்டும் அசையாமல் இருந்து, மேல் விளிம்பில் மட்டும் ஒரே சீராக இடைவெளி தெரிந்தால், கொக்கி மாட்டும் இரும்பு வளையம் தேய்ந்தோ கீழிறங்கியோ இருக்கும். பல கார்களில் அந்த வளையத்தைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் துளைகள் நீளவாக்கில் வெட்டப்பட்டிருக்கும். திருகாணியைத் தளர்த்தி, வளையத்தைச் சற்று மேலே தள்ளி, மறுபடியும் இறுக்கினால் வேலை முடிந்தது. அதற்குப் புட்டியும் வேண்டாம், ஒரு காசுச் செலவும் வேண்டாம். மூடியின்மேல் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்க்கும்போது நடுவில் வெளிச்சம் தெரிந்தால், மூடியே வளைந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பின்பக்கத்தில் நீளமான தகடு கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கடைசியாக, பெட்டி திறக்கும்போது ஓரளவோடு நிற்க வைக்கும் பட்டையோ பக்கவாட்டு முட்டோ முறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது முறிந்திருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முழு எடையும் கீலில் போய் இடிக்கும்; கீலை மட்டும் எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் அது மீண்டும் உடையும்.

அக்காவின் காரில் குறை இடப்பக்கத்துக் கீலில் இருந்தது. கீலின் திருகாணி ஏறும் சிறிய பிளாஸ்டிக் தூண் அடியோடு பிளந்து, அதைச் சுற்றி மூன்று திசைகளில் விரிசல் ஓடியிருந்தது. திருகாணியைத் திருப்பினால் பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மூடியின் இடமூலை ஒரு விரலளவு இறங்கியிருந்தது. இப்படித் திருகாணியின் தூண் உடைவதுதான் நான் பார்த்த கார்களில் அடிக்கடி நேரும் குறை. பிராட்லி புட்டியின் திறமை முழுமையாக வெளிப்படுவதும் அங்கேதான். உடைந்த தூணை ஒட்டப் பார்க்காமல், புட்டியாலேயே புதுத் தூணைக் கட்டி எழுப்பிவிடலாம்.

பிளாஸ்டிக்கின் வகையைக் கண்டறியாமல் யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பெட்டியைக் கழற்றித் திருப்பினால், பின்பக்கத்தில் இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே அதன் பெயர்ச் சுருக்கம் அச்சாகியிருக்கும். >ஏபிஎஸ்< என்று இருந்தால் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். >பிபி< என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலீன். அதன் மேற்பரப்பு எந்த எபாக்சியையும் தன்மேல் தங்க விடாது. பிராட்லி மட்டுமல்ல, எந்த நிறுவனத்தின் எபாக்சியானாலும் காய்ந்த பிறகு நகத்தால் நெம்பினால் முழுத் துண்டாகக் கழன்று வரும். குறி அழிந்து போயிருந்தால் சிலர் சிறு சீவலை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்ப்பார்கள். பாலிபுரோப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது, மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். நல்ல சோதனைதான், ஆனால் கார்ப் பாகங்களில் டால்க் தூள் கலந்த பாலிபுரோப்பிலீனும் உண்டு. அதன் குறியில் பிபி-க்குப் பின்னால் டிடி20 போன்ற எழுத்தும் எண்ணும் இருக்கும். அந்த எண் தூளின் விழுக்காட்டைக் காட்டுகிறது. தூளின் எடையால் அதுவும் மூழ்கிவிடும். ஆகவே மிதந்தால் நிச்சயமாக எபாக்சி வேண்டாம் என்று முடிவெடுக்கலாமே தவிர, மூழ்கியது என்பதற்காக ஏபிஎஸ் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மறைவான ஒரு மூலையில் பயறளவு புட்டியை ஒட்டி, மறுநாள் நெம்பிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

அடுத்தது சுத்தம். டர்பனில் காரை நேசிப்பவர்கள் டாஷ்போர்டைப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அந்தப் பளபளப்பைத் தரும் தெளிப்பான்கள் பலவற்றில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. ஆண்டுக்கணக்காக அடித்த அந்த எண்ணெய் பெட்டியின் பின்பக்கம் வரை பரவியிருக்கும். அது இருக்கும் இடத்தில் எந்தப் பசையும் ஒட்டாது. எடுத்தவுடன் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். எனவே முதலில் வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் நன்றாகக் கழுவி உலர்த்திவிட்டு, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்த பிறகே 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்க வேண்டும். தூசு போக மறுபடியும் ஸ்பிரிட். துடைக்கும் துணியை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் எண்ணெயை இடம் மாற்றிப் பூசிக்கொண்டிருப்போம். அதன்பின் அந்த இடத்தை விரலால் தொடக் கூடாது.

புட்டியின் இரண்டு பகுதிகளிலிருந்தும் சம அளவு வெட்டியெடுத்து, சப்பாத்தி மாவைப்போலத் திரும்பத் திரும்ப மடித்துப் பிசைய வேண்டும். கோடுகள் மறைந்து முழுவதும் ஒரே நிறமாகும் வரை நிறுத்தக் கூடாது. உருண்டையை நடுவே பிய்த்துப் பார்த்தால் உள்ளே வேறு நிறக் கோடு இருக்கிறதா என்று தெரியும். கோடு இருந்தால் அந்த இடம் இறுகாமல் மெத்தென்றே நின்றுவிடும். கலந்த புட்டி கையில் விறைப்பாக நிற்கிறது, வழிவதில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு டாஷ்போர்டின் அடியில் வேலை செய்யும்போது அதன் அருமை தெரியும். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவினால் மேற்பரப்பு வழவழப்பாக அமைகிறது. இறுகிய பிறகு அரம் போடலாம், துளையிடலாம், மேலே பெயின்ட் அடிக்கலாம். சுருங்குவதும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

தூண் கட்டிய முறையைச் சொல்கிறேன். விரிசல் ஒவ்வொன்றும் முடியும் முனையில் இரண்டு மில்லிமீட்டர் துளை போட்டேன்; விரிசல் அதற்குமேல் ஓடாமல் வட்டமான துளை தடுத்துவிடும். உடைந்த தூணைச் சுற்றி இன்னும் சில சிறு துளைகளைப் போட்டு, புட்டியை அவற்றின் வழியே அழுத்தி மறுபக்கம் பிதுங்கி வரச்செய்து, பிதுங்கியதை விரலால் தட்டையாக அழுத்திவிட்டேன். இப்படிச் செய்தால் பிளாஸ்டிக்கின் இரு பக்கமும் புட்டி தலைவைத்த ஆணியாக நின்றுவிடும். ஒட்டுதல் என்றாவது விட்டுப்போனாலும் புட்டி கழன்று விழாது. திருகாணியின்மேல் வாசலினை மெல்லிதாகப் பூசி, அது நிற்க வேண்டிய இடத்தில் நேராக நிறுத்தி, சுற்றிலும் புட்டியால் புதுத் தூணை எழுப்பினேன். இரவு முழுவதும் அசையாமல் விட்டு, காலையில் குறட்டால் மெதுவாகத் திருப்பியதும் திருகாணி சத்தமில்லாமல் கழன்று வந்தது. புட்டிக்குள் அதன் மரைகள் அச்சாகப் பதிந்திருந்தன. விளக்கைக் காட்டி அந்தத் துளைக்குள் பார்த்தபோது ஒவ்வொரு மரையும் விளிம்பு மழுங்காமல் தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பொருளுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு அதற்காகத்தான்.

ஆனால் தூண் மட்டும் போதாது. தகடு வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன். காரணம் இதுதான். எந்தப் பசையும் பக்கவாட்டில் இழுபடும் விசையை நன்றாகத் தாங்கும், அழுத்தத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தெடுக்கும் விசையைத்தான் தாங்காது. கபிஹோலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கீலின் அடியில் உருவாவது அந்த உரிக்கும் விசைதான். இருபது மில்லிமீட்டர் அகலமும் இரண்டு மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள அலுமினியப் பட்டையை ஹார்டுவேர் கடையில் வாங்கி, விரிசல்களைத் தாண்டி நல்ல பிளாஸ்டிக்கைத் தொடும் நீளத்துக்கு ஹாக்சாவால் வெட்டி, கூர் மூலைகளை அரத்தால் உருட்டி, புட்டி ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் பதித்தேன். பட்டையின் இரு முனைகளிலும் நான்கு மில்லிமீட்டர் போல்ட்டும் அகலமான வாஷரும் நைலான் பூண் உள்ள நட்டும் போட்டேன். இப்போது எடையைச் சுமப்பது பட்டை. அது அசையாமலும் கிறீச்சிடாமலும் பார்த்துக்கொள்வது புட்டி. வேலையை இப்படிப் பிரித்துக் கொடுத்தால் புட்டியிடம் அதன் சக்திக்கு மீறி எதையும் கேட்கவேண்டி வராது.

சூட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறையின் வெப்பத்திலேயே இறுகும் எபாக்சிகள் பொதுவாக 50, 60 டிகிரியைத் தாண்டும்போது விறைப்பை இழக்கத் தொடங்கும். கபிஹோல் டாஷ்போர்டின் மேல்தளத்தைப்போல நேராக வெயிலில் காய்வதில்லை என்றாலும், கடற்கரைச் சாலையில் மதியம் முழுவதும் நிறுத்திய காரில் அந்த எல்லைக்கு அருகே போய்விடக்கூடும். தகடு போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். டிசம்பர், ஜனவரி வெயிலைத் தாண்டியும் அக்காவின் பெட்டி இம்மியும் இறங்கவில்லை; மூடியைச் சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறது, கொக்கியும் ஒரே தட்டில் விழுகிறது. குளிர்காலத்தில் இதே வேலையைச் செய்பவர்கள் புட்டி இறுகக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். ஜூலையில் டர்பனில் அவ்வளவு குளிர் இல்லை. மலையடிவாரத்து ஊர்களில் இரவில் கார் நிறுத்துமிடம் சில்லென்று இருக்கும், அங்கே பெட்டியை வீட்டுக்குள் எடுத்து வந்து ஒட்டுவது நல்லது.

இந்தப் புட்டியால் ஆகாத காரியங்களும் உண்டு. தலைமுடி போன்ற மெல்லிய விரிசலுக்குள் இது இறங்காது. அதற்கு இரண்டு குழாய்களில் வரும் திரவ எபாக்சிதான் சரி. இறுகிய புட்டி கல்லாக இருக்கும், வளையாது. ஆகவே கையால் அழுத்தினால் வளைந்து கொடுக்கும் மெல்லிய மூடி விளிம்பில் இதைத் தடவினால், பிளாஸ்டிக் வளையும்போது புட்டி துண்டாகத் தெறித்துவிடும். நிறமும் டாஷ்போர்டோடு பொருந்தாது. கண்ணில் படும் இடத்தில் போட வேண்டியிருந்தால் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும்.

மற்ற வழிகளையும் பார்க்கலாம். சூப்பர் குளூவும் சமையல் சோடாவும் கலந்து போடும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஒரு நிமிடத்தில் இறுகிவிடுவதால் பாகங்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க அது உதவும், ஆனால் நொறுங்கும் தன்மை உடையதால் கதவைத் தட்டி மூடும் அதிர்ச்சியை நெடுநாள் தாங்காது. சூடாக்கி ஒட்டும் பசைக்குச்சி கோடைக்காலக் காருக்குள் இளகிவிடும். அதைப் பரிசீலிக்கவே வேண்டாம். ஜேக்கப்ஸ், கிளேர்வுட் பக்கத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் முழுப்பெட்டியே கிடைக்கும். ஆனால் அதுவும் நம் காரின் வயதுள்ள பிளாஸ்டிக், அதே வெயிலில் காய்ந்தது. வாங்குவதற்கு முன்னால் கீல் தூண்களை விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. இப்போது முப்பரிமாண அச்சில் கீல் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் எந்தப் பிளாஸ்டிக்கில் அச்சிடுகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பிஎல்ஏ வகை 60 டிகிரிக்கு அருகிலேயே மெத்தென்று ஆகிவிடும். காருக்கு ஏபிஎஸ், ஏஎஸ்ஏ போன்றவைதான் ஏற்றவை. கீலின் வடிவமே முற்றாக உடைந்து தொலைந்துவிட்ட கார்களுக்கு இது புட்டியைவிட நல்ல வழி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் பெட்டி பாலிபுரோப்பிலீன் என்று தெரிந்துவிட்டால் புட்டிக்கு வைத்த பணத்தில் ரிவெட்டும் வாஷரும் அலுமினியப் பட்டையும் வாங்குங்கள். இரு பக்கமும் அகலமான வாஷர் வைத்து ரிவெட் அடித்தால் பசையே இல்லாமல் உறுதியாக நிற்கும். வாஷர் இல்லாமல் அடித்தால் ரிவெட்டின் தலை நாளடைவில் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

வேலை செய்யும்போது கவனிக்க வேண்டிய ஆபத்துகள் இரண்டு. பெட்டிக்குப் பின்னால் காற்றூதும் மோட்டாரும் கம்பிக்கட்டுகளும், பல கார்களில் பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக்கும் இருக்கின்றன. ஆகையால் பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்துத்தான் துளையிட வேண்டும். கழற்றவே முடியாத நிலையில் டிரில் முனையில் தேவையான ஆழத்துக்கு டேப் சுற்றி அடையாளம் வைத்து, அதற்குமேல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏர்பேக் இருக்கும் பக்கமாக மேல்நோக்கித் துளை போடவே கூடாது. இரண்டாவது தோல். எபாக்சியை இறுக்கும் வேதிப்பொருள்கள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை தொடங்கிவிட்டால் அது பிறகு விடாது. மெல்லிய கையுறை போட்டுப் பிசைவது சிரமமே இல்லை. பிள்ளைகள் அருகில் உட்கார்ந்து தாங்களும் பிசைய ஆசைப்படுவார்கள். அவர்களை அனுமதிக்க வேண்டாம்.

ஒரு கபிஹோல் கீலுக்கு ஒரு பாக்கெட் புட்டி முழுவதும் தேவைப்படாது. பாதிக்கும் மேல் மிஞ்சும். வெட்டிய முனைகளை ஒன்றோடொன்று தொடவிடாமல் தனித்தனியாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு அலமாரிக்குள் வைத்தால் அடுத்த தேவைக்கு உதவும். காருக்குள் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். நாட்டின் ஹார்டுவேர் கடைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் இது எளிதாகக் கிடைக்கிறது. அக்காவுக்கு நான் வாங்கியபோது பழைய கபிஹோல் ஒன்றுக்குக் கேட்ட விலையைவிட மிகக் குறைவாகவே இருந்தது. அக்காவிடம் சில்லறை டப்பாவையும் பூட்டையும் கதவுப் பைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். டார்ச்சு மட்டும் கபிஹோலிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.